சீனி டப்பாவுக்கு அடியில்

உனக்குத் தேயிலை ஸ்டோரில் இரவு வேலை,
எனக்கு ஹட்டன் பார்மசியில் பகல்.
இந்த வருஷம் நாம் அதிகம் பேசியது
சீனி டப்பாவுக்கு அடியில், துண்டுத் தாளில்:
‘கணக்கப்பிள்ளை பால் குடிக்கவில்லை.’
‘துரைசாணிக்குக் காதில் புண், மருந்து கொண்டு வா.’

ஞாயிறுதான் முழுசாகப் பார்த்துக்கொண்டோம்,
கோயிலில், ஆளுக்கொரு விளக்குமாறோடு.
கூரை ஒழுகிய இடத்தில் நீ வாளி வைத்தாய்.
பெஞ்சில் உறைந்த மெழுகை
பழைய பஸ் சீசன் அட்டையால் சுரண்டினேன்.
பிரசங்கத்தில் நீ தூங்கிப்போனாய்;
நன்மை வாங்க இடித்து எழுப்பினேன்.

பாலன் குடிலுக்கு மானாப்புல் வெட்டிய கிழமை
கணக்கப்பிள்ளை வீடு திரும்பவில்லை.
அதை மட்டும்
இருவருமே எழுதவில்லை.

காலை ஆறு. பனி.
தேயிலைத் தூசு மணக்க நீ வருகிறாய்,
நான் எழும்பிவிட்டேன்.
நான் விட்ட சூட்டில் துரைசாணி.
“கொஞ்சம் தள்ளிப் படு” என்கிறாய்
அவளிடம்.