டீசல் கோப்பு

பதினொரு வருடம் அவருடைய கடிதங்களைத்
தட்டச்சு செய்தவன் நான்.
டொக்டர் பவளராணி, வைத்திய அத்தியட்சகர்,
ஹப்புத்தளை.
கதவுப் பலகையில் அந்தப் பதவியின் தமிழில்
ஒரு 'ட்' விழுந்துபோயிருந்தது.
திருத்தக் கேட்டு நான்கு கடிதம் எழுதினோம்.
இன்னும் விழுந்தேதான் கிடக்கிறது.

அவர் கத்தி பிடித்த காலம் எனக்குத் தெரியாது.
பழைய தாதிமார் சொல்வார்கள்:
கவ்வாத்துக் கத்தி பாய்ந்த கால்களை
அவரைப்போல் யாரும் தைத்ததில்லையாம்.
அவருடைய அப்பாவும் மேற்பிரிவில் கவ்வாத்துக்காரர்.
இடது காலில் இரண்டு விரல் இல்லை;
ஒருநாள் மகளைப் பார்க்க வந்தபோது
நானே எண்ணினேன்.

எனக்குப் பழக்கமானது ஒப்பமிடும் கை.
தண்ணீர்த் தாங்கிக்கு மூடி,
பிரேத அறைக் குளிரூட்டிக்கு வாயு,
மகப்பேற்று விடுதிக்குள் நுழையும் தெருநாய்க்காக ஒரு கேற்,
எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் சுருக்கொப்பம்.
மாலையானால் மூடுபனி ஜன்னலால் ஏறி
தாள்களின் ஓரத்தைச் சுருட்டும்.
மேலே ஒரு கல் வைப்பார்.
பித்தப்பைக் கல்லா என்று எல்லோரும் கேட்பார்கள்.
ரயில் பாதைச் சல்லி, அவ்வளவுதான்.

மின்சாரம் வெட்டிய வருடம் சுற்றறிக்கை வந்தது.
மின்பிறப்பாக்கி இரவில் நான்கு மணித்தியாலம் போதும்
என்று அவரே ஒப்பமிட்டார்.
பேனாவை மூடினார், திறந்தார்,
மறுபடி மூடினார்.

மாசியில் ஒரு கொழுந்து லொறி
கீழ்ப்பிரிவு ஜெசிந்தாவைக் கொண்டுவந்தது.
சாக்குகளின் மேல் படுத்திருந்தாள், உதடு வெளிறி.
கருக்குழாய் வெடித்து வயிறெல்லாம் இரத்தம்.
சத்திரசிகிச்சை நிபுணர் பண்டாரவளையில்,
பெற்றோல் வரிசையில்.
ஒன்பது வருடம் கழித்து
அவர் முழங்கைவரை கழுவினார்.
பாதியில் வெளிச்சம் போனது.

சிற்றூழியர் சுமதிபால கைப்பேசியைப் பிடித்தார்,
தாதி இன்னொன்றை.
நான் டீசல் களஞ்சியத்துச் சாவியோடு ஓடினேன்.
அதற்குப் பூட்டுப் போடச் சொன்னதும் அவர்தான்.
பூட்டில் துரு. என் கையில் நடுக்கம்.
பதினேழு நிமிடம்.

ஜெசிந்தா பிழைத்தாள்.
அவள் கண்விழிக்குமுன்பே என்னை அழைத்து
'தட்டு' என்றார்.
நேரத்தைக் குறைத்தது என் தீர்மானம்.
அது பிழை.
வழக்கமான மரியாதைச் சொற்களைச் சேர்க்கவா என்றேன்.
வேண்டாம்.

எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது:
மேற்படி காலத்தில் மீதமான டீசல்
எத்தனை லீற்றர் எனத் தெரியப்படுத்தவும்.
ஓய்வுக்கு ஆறு நாள் இருந்தது.
ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினார்:
17 நிமிடம்.
அப்படியே அனுப்பினேன்.

அலகு பிழை என்று
இன்றைய தபாலில் திரும்பி வந்திருக்கிறது.
புதியவரின் மேசையில் வைத்தேன்.
மேலே அந்தச் சல்லி.
அதை அவர் எடுத்துப்போகவில்லை.