பட்டை

வாசோ மாதத்து மழை பிடித்து இருபதாம் நாள்,
முடோன் ரப்பர்க்காட்டின் ஏழாம் பிளாக்.
இளமரம் ஒன்று கிளை பிரியும் கவட்டில்
நூலாம்படை போல ஒரு வெள்ளை.
முந்தானையால் துடைத்தேன்.
போகவில்லை.

அடுத்த வாரம் அது இளஞ்சிவப்பு.
மரப்பால் தானாக வடிந்து
கறுப்புக் கோடாகக் காய்ந்திருந்தது.
குடை இல்லை, காம்பு இல்லை,
அடியில் மடிப்போ துளையோ இல்லை,
அப்பிக் கிடப்பது மட்டுமே வேலை.
காளான் என்று சொன்னதற்கு
பூபதியம்மாள் வெற்றிலை தெறிக்கச் சிரித்தாள்:
"மரத்துக்குத் தேமல்டீ."

நிலையத்தில் மி ஹொங் சான்
நகக்கண்ணளவு சீவிக் கண்ணாடியில் வைத்தாள்.
தட்டை என்று நினைத்ததற்குள்
திருவிழா நெரிசல்.
ஒவ்வொரு தலையிலும் நாலு கொம்பு,
கொம்புக்கு ஒரு வித்து,
உதிரக் காத்து.

வெள்ளைக்காரன் காலத்து இழுப்பறையைத் திறந்து காட்டினாள்.
மரத்தில் ஒட்டிக் கிடந்தது எதுவானாலும்
ஒரே பெயர் எழுதிய உறைகள்.
கார்ட்டீசியம். லத்தீனில் பட்டையாம்.
எனக்குத் தெரிந்த பட்டை
நெற்றியில் இடுவது, குருமாவில் போடுவது,
ஏமாந்தவனுக்குச் சாத்துவது.

பிறகு உயிரணுவின் எழுத்தைப் படித்துப்
பாகம் பிரித்தார்களாம்.
ஒன்று போய்த் தட்டுக்காளானுக்குப் பங்காளியானது.
ஒன்று, கீறினால் பால் கசியும்
காட்டுக்காளானின் கொடிவழி.
வரிசையில் மிஞ்சியது கொஞ்சம்தான்:
இந்த இளஞ்சிவப்பு;
குளிர்நாட்டுப் பந்து மைதானத்தில்
புல்நுனிக்குச் சிவப்பு நூல் கட்டுவது;
கல்பாசியைத் தின்று வாழ்வது;
செத்த கிளையின் தோலை
உள்ளிருந்தே உரித்துக்கொண்டு வெளியே வருவது.
ஜாடை எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.
"ஜாடை இல்லை. ஒரே வயிறு."

தம்பி முருகவேலுக்கும் எனக்கும்
அதே மூக்கு, அதே தெத்துப்பல்.
அவன் குடியுரிமை அட்டை இளஞ்சிவப்பு.
என்னுடையது நீலம்.
எழுதிய குமாஸ்தாவுக்கு
அன்று என்ன அவசரமோ.

பால் வெட்டும் மரத்துக்கு மருந்து ஆகாது,
இவை இன்னும் கத்தி படாதவை.
மயில்துத்தம் ஒரு வாளி, சுண்ணாம்பு ஒரு வாளி,
கலக்கி, ஏணி சாய்த்து,
கவட்டில் பூசினேன்,
இளஞ்சிவப்பு மறையும்வரை நீலம்.
இறங்கி ஏணியை மடக்குவதற்குள் மழை.
முழங்கைவரை நீலம் எனக்கு.
மரத்தில் ஒன்றும் நிற்கவில்லை.

இன்று போய்ப் பார்த்தேன்.
மேல்கிளை சருகு.
பட்டை பிடித்த இடத்துக்கு ஒரு சாண் கீழே
எங்கிருந்தோ மூன்று துளிர்,
அவையும் சிவப்பு.
ரப்பர்த் துளிர் அப்படித்தான் இருக்கும்.
இருந்தாலும் ஒன்றைத்
தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.