சரக்குச் சீட்டு

கான்ஸ்டான்சா துறைமுகம், ஏழாம் எண் கிரேன்.
நூற்று எண்பத்தாறு படி ஏறினால் என் நாற்காலி.
மார்ச்சில் மூன்று இடத்தில் நின்று ஏறினேன்.
காற்று வாங்குகிறேன் என்று
கீழே நின்ற நெலுவிடம் கத்தினேன்.
கருங்கடல் ஓரத்தில் காற்றை
வாங்கத்தான் வேண்டுமா என்று அவன் கேட்கவில்லை.
கேட்காததுதான் உறுத்தியது.

தொண்ணூற்று நான்கு கிலோ.
பேனா மூடியைக் கடித்தபடி
கம்பெனி மருத்துவர் எழுதினார்: குறைக்கவும்.
எதை என்று எழுதவில்லை.

போனில் ஒரு கணக்குப்பிள்ளையை அமர்த்திக்கொண்டேன்.
நாளுக்கு ஆயிரத்தைந்நூறு கலோரி.
எண் எனக்குப் பழகியது.
கொக்கியில் தொங்கும் பெட்டி
இருபத்தாறு டன் என்று திரை சொல்லும்.
உள்ளே ஆப்பிளா ஆணியா, சொல்லாது.
நானும் கேட்டதில்லை.
தூக்கு, நகர்த்து, இறக்கு.
வயிற்றையும் அப்படியே ஓட்டினேன்:

காலையில் எள் தூவிய வளைய ரொட்டி,
மதியம் சாக்லேட் வேஃபர், ஒரு டின் கோலா,
இரவு மறுபடி ரொட்டி,
மிஞ்சிய நூற்றிருபதுக்கு மிட்டாய்.
கணக்கு நேர். திரையில் பச்சை வட்டம்.
மூன்று வாரத்தில் நான்கு கிலோ போனது.
தங்கை டோய்னா கட்டிக்கொண்டு குதித்தாள்.
குளியலறை வடிகாலில் சிக்கிய
ஒரு கைப்பிடி முடியை
அவளிடம் காட்டவில்லை.

பதினொரு மணிக்கெல்லாம்
பசி எனக்கு முன்னே கேபினுக்குள் வந்து
சாவியோடு உட்கார்ந்திருக்கும்.

ஏப்ரல் கடைசி இரவு, பக்கக் காற்று.
பெட்டியை மூலைப் பூட்டில் இறக்கும் நேரம்
கை நடுங்கியது.
நான்கு விரற்கடை விலகல்.
இரும்பின்மேல் இரும்பு விழுந்த ஓசையில்
தளத்து நாரைகள் எல்லாம் எழுந்து பறந்தன.
நெலு கையுறையைக் கழற்றி எறிந்து
என் அம்மாவைத் தவிர எல்லோரையும் திட்டினான்.
யாருக்கும் அடியில்லை.
இறங்கிவந்து கதவில் ஒட்டிய சீட்டைப் பார்த்தேன்:
கண்ணாடிக் குவளைகள்.

மறுநாள் பீன்ஸ் ஊறப்போட்டேன்.
புளிக்கவைத்த முட்டைக்கோஸ், இரண்டு முட்டை,
வினிகரில் ஊறிய நெத்திலி, ஒரு துண்டு கம்பு ரொட்டி.
அதே ஆயிரத்தைந்நூறுதான்,
ஆனால் தட்டு கொள்ளவில்லை.
தின்று தின்று தாடை வலித்தது.
நான்கு மணிவரை பசி எட்டிப்பார்க்கவில்லை.
கை நின்றது.

இங்கேயே முடித்திருக்கலாம்.
மே மாதம் எனக்குக் கொழுப்பு ஏறியது,
இரண்டு அர்த்தத்திலும்.
நல்லதைத் தின்பவளுக்கு எண் எதற்கு என்று
கணக்குப்பிள்ளையை வேலையைவிட்டு நீக்கினேன்.
எல்லாம் நல்லதுதான்:
நெலுவின் மாமியார் தோட்டத்து வால்நட்,
வேலம்பூத் தேன், சூரியகாந்தி விதை,
உப்பு நீரில் மிதக்கும் ஆட்டுப்பால் சீஸ்.
படம் பார்க்க ஒரு கிண்ணம்,
தூக்கம் வராததற்கு ஒரு கிண்ணம்.
குப்பைக் கூடையில் ஒரு வேஃபர் தாள் கிடையாது.
போன கிலோவில் மூன்று
வீடு தேடித் திரும்பி வந்தன.
தராசு பழசு என்றேன்.
டோய்னா ஏறிக் காட்டினாள்.
அவளுக்கு அது சரியாகத்தான் காட்டியது.

ஆப்பிள் என்பதற்காக
இரும்பு வடம் இரக்கப்படுவதில்லை.
இத்தனை வருடம் தூக்கியவளுக்கு
இது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது வால்நட் ஆறு, எண்ணி.
எண்ணெய் கரண்டியில், கைவாக்கில் அல்ல.
முட்டைக்கோஸை எண்ணுவதில்லை,
அதை அதிகம் தின்று கெட்டவர் யாரையும்
நான் பார்த்ததில்லை.
ஞாயிறு டோய்னா பிடிக்கும்
பிளம் வைத்த கொழுக்கட்டை இரண்டு.
எவ்வளவு என்று தெரியும்.
தெரிந்தே தின்கிறேன்.

நேற்று எண்பத்தேழரை.
படியில் ஒரே இடத்தில் நின்றேன்,
நிஜமாகவே காற்று வாங்க.
மேலே போய் டிபன் டப்பாவை
ஜன்னலோரம் வைத்தேன்.
முதல் பெட்டி, திரையில் பதினெட்டு டன்.
உள்ளே என்ன, சீட்டைப் படி என்றேன் ரேடியோவில்.
எதற்கு என்றான் நெலு.
சும்மா.
கரகரப்பு. காற்று. பிறகு அவன் குரல்:
வெங்காயம்.