நல்ல தண்ணி

பதிவு அலுவலகத்தில் என் பெயரை
எழுத்தெழுத்தாகச் சொல்லி முடிக்குமுன்
அந்தப் பெண் திரையைப் பார்த்துச் சொன்னாள்:
"நீங்கள் ஏற்கெனவே இங்கேதான் இருக்கிறீர்கள்."

ஒன்பது வருடம் முந்தி, புறப்பட்ட அவதியில்
பெயரை வெட்டிவிட்டுப் போக மறந்திருக்கிறோம்.
நாங்கள் போனதே
வுப்பர்டால் நகரத்துக்குத் தெரியாது.
மூன்றாம் கிழமை வானொலிக் கட்டணக்காரரின் கடிதம்,
கேட்காத செய்திகளுக்கும்
பார்க்காத படங்களுக்கும்
நிலுவை கட்டச் சொல்லி.

அன்றைக்குச் சிரித்தோம்.

ஆற்றின் மேல் தொங்கிக்கொண்டு போகும் ரயில்
அப்போது செம்மஞ்சள், இப்போது நீலம்.
அப்போது ஆட்டும். நிருபன் வயிற்றில் இருக்க
ஓபர்பார்மனில் ஏறி
ஊர் முழுக்க ஆடிக்கொண்டு வேலைக்குப் போனேன்.
இந்தப் புதுப் பெட்டிகள் வழுக்கிக்கொண்டு போகின்றன.
சொன்போர்ன் வளைவு வருமுன்
நான் ஒருத்திதான்
கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.

பரஞ்சோதியர் கடை இருந்த இடத்தில்
நகத்துக்கு நிறம் பூசுகிறார்கள்.
செல்வமலர் கனடாவுக்குப் போய்விட்டாள்.
மழை மட்டும் விலாசம் மாறாமல் வருகிறது.

என் ஜெர்மன்
ஒன்பது வருடம் பெட்டிக்குள் கிடந்த பட்டுச்சீலை.
மடித்த மடிப்பிலேயே இற்றுக் கிழிகிறது.
பாண்கடைப் பெண் இரக்கப்பட்டு
ஆங்கிலத்தில் மிச்சக் காசு எண்ணுகிறாள்.
அதே பாண்தான், அதே கறுத்த மேலோடு.
ஹவுன்ஸ்லோவில் எத்தனை இரவு
இதன் வாசத்தை நினைத்து
அங்கத்தைய பஞ்சுப் பாணைத் திட்டியிருப்பேன்.

ஆம், நான்தான்.
தண்ணீர் சரியில்லை என்றேன், சுண்ணாம்பு என்றேன்.
வீட்டு வாடகையில் அறம் இல்லை என்றேன்.
இரண்டு நிமிடத்துக்கொரு விமானம்
கூரையை உரசிக்கொண்டு இறங்கும்;
நாங்கள் பாதி வசனத்தில் நிற்போம்,
வாய் திறந்தபடி, அது போகும்வரை.
அங்கே என்றால் இப்படியா என்றேன்.
அங்கே, அங்கே, அங்கே.
வேலியால் போன ஓணானை
மடியில் விட்டவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.
நான் அதைப் பெயர் சொல்லி
ஒன்பது வருடம் கூப்பிட்டவள்.

இங்கே வானம் சத்தம் போடுவதில்லை.
வசனம் தடையில்லாமல் கடைசிவரை போகிறது.
கடைசியில் சொல்ல
என்ன வைத்திருந்தோம் என்றுதான் தெரியவில்லை.

நிருபனைப் பள்ளிக்கூடத்தில்
இங்கிலீஷ்காரன் என்கிறார்களாம்.
பெருமையாகத்தான் சொன்னான்.

இவர் ஒன்றும் சொல்வதில்லை.
வேனை விற்றார்,
தன் கீழ் ஆறு பேர் நின்ற வேலையை விட்டார்,
இப்போது இரவில் பொதி தூக்குகிறார்.
"நீதானே கேட்டாய்" என்று
ஒரு தரம், ஒரே ஒரு தரம் சொன்னால்
நான் பதிலுக்குக் கத்துவேன்,
கத்தினால் அழலாம்.
விடிய ஆறரைக்கு வருவார்.
சப்பாத்தைக் கழற்றுமுன் குழாயைத் திறந்து
ஒரு கிளாஸ் முழுக்கக் குடித்துவிட்டு
"நல்ல தண்ணி" என்பார்.
ஒவ்வொரு நாளும்.
ஆறுதலா, குத்தலா என்று
முகத்தைப் பார்த்தேன்.
தாகமாக இருந்தது முகம்.

கேத்தல் மட்டும் அங்கத்தையது.
மூன்று கால் பிளக்குக்கு
இங்கத்தைய தொப்பி ஒன்று மாட்டி வைத்திருக்கிறோம்.
அதன் அடியில், காசு அகலத்துக்கு,
ஹவுன்ஸ்லோவின் சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருக்கிறது.
அங்கே சனிக்கிழமை தவறாமல்
வினாகிரி ஊற்றி, தேசிக்காய் பிழிந்து,
கரண்டியால் சுரண்டி
அதோடு சண்டை பிடித்தவள் நான்.

இங்கே புதிதாய்ப் படிவது இல்லை.
கொதிக்கிற தண்ணீர்
இருப்பதையும் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைக்கிறது போலும்.
போன கிழமை இதைவிடப் பெரிதாய் இருந்தது.

இவர் தூங்கியதும்
மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.
பிறகு, தேவையான அளவுக்கு மட்டும்
தண்ணீர் விட்டு
அடுப்படிச் சுவிட்சைப் போடுகிறேன்.