முன் அனுபவம்

படிவத்தில் ஒரு கோடு விட்டிருந்தார்கள்,
முன் அனுபவம் என்று.
வெறுமையாக விட வெட்கம்.
நடனம், இருபத்தாறு வருடம்
என்று எழுதிக் கொடுத்தேன்.

ரொஷேல் வாசித்தாள்.
என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள்,
சப்பாத்தில் காய்ந்த சாணம்.
"உதவலாம்" என்றாள்.
"உதவாமலும் போகலாம்."

குதிரையின் பெயர் சுது. சிங்களத்தில் வெள்ளை.
நிறமோ பழம்புளி.
நுவரெலியாவில் மூன்று பருவம் ஓடி
ஒரு முறையும் வெல்லாத பெண்.

ஏறியதும் உள்ளே ஒரு சின்னத் திமிர்.
முதுகு நேர், தோள் இறக்கம்,
அரைமண்டியில் ஊறிய தொடை.
வெளியே பார், வெளியே பார் என்று
எட்டு வயதிலிருந்து பழக்கிய முழங்கால்கள்
இந்த அகன்ற முதுகுக்காகத்தான் காத்திருந்தனவோ
என்றுகூட நினைத்தேன்.

"முழங்காலை உள்ளே திருப்புங்க" என்றாள் ரொஷேல்.

உள்ளே.
சொன்னவுடன் திரும்பிவிடுமா,
வெள்ளவத்தையில் வாங்கிய அடியெல்லாம்?

சுது நடந்தாள். நான்கு குளம்பு, தக திமி.
இது எனக்குத் தெரியும் என்று
உடம்பு முந்திக்கொண்டது:
வலது குதிகால் தன்பாட்டில்
தெய் என்று வைத்தது, அவளது விலாவில்.

நான் தாளம் போட்டேன்.
அவளுக்கு அது ஓடு என்ற கட்டளை.
ரீட் அவெனியூ பக்கத்து வேலி
பஸ் இரைச்சலோடு என்னை நோக்கி வந்தது.
பிறகு வாய் நிறைய மணல்.

விழும்போது கை இப்படி இருந்ததென்று
லாயக்காரர் பந்துல செய்து காட்டினார்.
பதாகம்.
விரல்கூட விலகவில்லை.

டொக்டர் ஒண்டாட்சியையும் சொல்ல வேண்டும்.
கொட்டாஞ்சேனையில் பல் பிடுங்குகிறவர்.
கல்யாண வீட்டில் பைலா தொடங்கினால்
தட்டை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்விடுவார்.
கைதட்டச் சொன்னாலும் பாட்டுக்குக் கொஞ்சம் பிந்தியே தட்டுவார்.
அவர் ஏறினால் மட்டும்
சுது மெழுகு மாதிரி வளைகிறாள்.

தாளம் இல்லாதவர், அதனால்
குதிரையின் தாளத்தோடு அவருக்குச் சண்டை இல்லை
என்று முடித்துவிடலாம்தான்.
ஆனால் ரொஷேல் நன்றாக ஆடுவாள்,
மொறட்டுவையில் ஓர் இரவு நானே பார்த்தேன்.
அவளும் நன்றாக ஓட்டுகிறாள்.
கணக்கு உதைக்கிறது.

டொக்டரிடமே கேட்டேன்.
வெகுநேரம் யோசித்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி.
"வாயைத் திறந்துகொண்டு ஓர் ஆள் படுத்திருப்பார்.
துள்ளுவதற்கு முன்னால் ஒரு சின்ன இறுக்கம் வரும்.
கைக்குத் தெரியும்.
கை நின்றுவிடும்."

அதாவது பல் வைத்தியம்.
நான் படிவத்தில் எழுதாதது.

நாலாம் மாதம் ஒரு காலைப்பொழுது,
காகங்கள் மட்டும் பார்த்திருக்க,
சுது நடை மாற்றினாள். தகிட. தகிட.
மூன்றுக்குப் பின்னால் ஓர் இடைவெளி,
அவளது ஒரு காலும் மண்ணில் இல்லை.
என் கால்களோ ஆறு மாதக் குழந்தைபோல
சும்மா தொங்கின.
தரையைத் தட்டித்தான்
நான் இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டவள்.
தட்டாமலும் இருந்தேன்.
ஐந்து எட்டு. கூடினால் ஆறு.
பிறகு நினைப்பு வந்தது, கெட்டது.

அன்று மாலை பம்பலப்பிட்டியில் ஒத்திகை.
மிருதங்கத்தில் கிருபைரத்தினம்.
தீர்மானத்துக்கு முன்
தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.
"பிந்திட்டீங்க."
"இல்லை, உங்களுக்காக நின்றேன்" என்றேன்.

உண்மைதானா என்று தெரியாது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
ஆனால் அடுத்த ஆவர்த்தனத்தில்
அவரும் ஒரு நொடி நின்றார்.

இரவு தொடைக்கு எண்ணெய் தேய்க்கிறேன்.
இதில் எந்த வலி குதிரையுடையது,
எந்த வலி அரைமண்டியுடையது என்று
விரல் பிரித்துச் சொல்லவில்லை.