ஒதுக்கீடு

கோத்தகிரியில் ஜனவரி.
புல்லெல்லாம் வெளுக்க உறைபனி விழுகிற ராத்திரியிலும்
சர்வர் அறையில் ஏசி ஓடுகிறது.
வெளிக்குளிருக்கு ஒரு ஸ்வெட்டர்,
உள்குளிருக்கு அதன்மேல் இன்னொன்று.

இரண்டு ஐம்பதுக்கு ரத்த வங்கியிலிருந்து யமுனா:
"ஓ நெகட்டிவ் தேடறேன். வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு."
பின்னால் யாரோ ஸ்ட்ரெச்சரை இடிக்கிற சத்தம்.
பிரசவ வார்டாக இருக்கும். கேட்கவில்லை.

இருப்பது ஒரே இரும்புப்பெட்டி. நாற்பது கிகாஹெர்ட்ஸ்.
அதற்குள் பதினெட்டு மாயக் கணினிகள்,
ஒவ்வொன்றும்
தான்தான் முழுப்பெட்டி என்று நம்பிக்கொண்டு.

இரண்டு தொகுப்பாகப் பிரித்தது நான்.
'உயர்' என்று ஒன்று, 'தாழ்' என்று ஒன்று.
உயருக்கு நாலு பங்கு, தாழுக்கு ஒன்று.
பிறகு ஒவ்வொரு துறையாக வந்து நின்றார்கள்:
எக்ஸ்ரே, மருந்தகம், வருகைப்பதிவு,
ஊழியருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிற ஒன்றுகூட.
எங்களுது மட்டும் முக்கியமில்லையா?
இல்லை என்று சொல்ல வராத வாய் எனக்கு.
உயரில் பதினேழு.
தாழில் தனியாகக் கேன்டீன்.
டோக்கன் அடிக்கும்; மீதி நேரம்
சுவர் டிவியில் வர்க்கி சுடுகிற வீடியோ.
ராத்திரி நிறுத்த யாருக்கும் தோன்றியதில்லை.

பெட்டி சும்மா கிடக்கிறவரை
பங்கு என்பது வெறும் எண்.
இன்று பேக்கப் ராத்திரி.
பில்லிங் தவிர எல்லாரும் விழித்திருக்கிறார்கள்.

முப்பத்திரண்டைப் பதினாறு பேருக்கு வகுத்தால் ஆளுக்கு இரண்டு.
எட்டை ஒருவருக்கு வகுத்தால்
எட்டு.

யாருமில்லாத கேன்டீனில்
வர்க்கி அழகாக, ஒரு பிசிறில்லாமல்
பொன்னிறமாகிக்கொண்டிருந்தது.

'ரெடி' என்றொரு அளவு உண்டு.
வேலை கையில், கால் வாசலில்,
கோர் கிடைக்காமல் நின்ற நேரம்.
ரத்த வங்கிக்கு நூற்றுக்கு இருபத்தெட்டு.

நாலாயிரம் மெகாஹெர்ட்ஸ் என்று
அவள் பெயரில் ஒதுக்கீடு எழுதி ஓகே அழுத்தினேன்.
போதிய வளம் இல்லை.
திரும்ப அழுத்தினேன். சிவப்பாக அதே வரி.

உயருக்கு உள்ள உத்தரவாதம் பன்னிரண்டாயிரம்,
அத்தனையும் பில்லிங் பேரில்.
பெனடிக்ட் சார் கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்த கடிதம்
டிராயரில் இருக்கிறது.
பில்லிங்கோ குறட்டை. மீட்டர் தரையில்.

தூங்குகிறவன் பங்கை எடுத்து ஓடலாம்,
யாரும் தடுக்கப்போவதில்லை; இத்தனை நேரம்
பதினாறு பேரும் ஓடியது அதிலும்தான்.
ஆனால் அதையே இன்னொருவருக்கு
வாக்காகக் கொடுக்க முடியாது.
வாக்கு தூங்குவதில்லை.

மூன்று மணி ஒரு நிமிஷம்.
யாரையும் கேட்காமல்
பன்னிரண்டை எட்டாக்கினேன்.
நாலை யமுனாவுக்கு எழுதினேன்.

"கெடச்சிருச்சு. ரெண்டு யூனிட்."
போனை வைத்துவிட்டாள்.

வர்க்கி வீடியோவுக்கு ஒரு உச்சவரம்பு போட்டேன், சின்னதாக.
ஜோகி அண்ணன் அஞ்சு மணிக்குக் கடை திறந்து
டிவி திக்குது என்றார்.
திக்கட்டும் என்றேன். டீக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

காலை மேட்டுப்பாளையம் பஸ்.
காலியாக இருந்தது ஒரே சீட்,
மேலே ஜன்னலோரம் 'மாற்றுத்திறனாளிகள்' என்று.
உட்கார்ந்தேன். காலியாகத்தானே இருக்கிறது.
அரவேணுவில் ஊன்றுகோலுடன் ஒருவர் ஏறினார்.
கண்ணைத் திறக்கும் முன்பே எழுந்துவிட்டேன்.

முதல் கொண்டை ஊசியில் பெனடிக்ட் சார்:
"என்னப்பா, பில்லிங்ல யாரு கை வச்சது?"
ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன்.
"எட்டாயிரம் உங்களுதுதான் சார், யாரும் தொடமாட்டாங்க.
மீதி நாலு,
யமுனா சும்மா இருக்கும்போது
எடுத்துக்கலாம்."

அவர் ஏதோ சொன்னார்.
அடுத்த வளைவில் சிக்னல் போனது.