டிக்

சாவியைத் திருப்பினால் டிக்.
அவ்வளவுதான்.
பட்டிருப்புப் பாலத்தின் இந்தக் கரையில்
வெள்ளை நிசான் மார்ச் நிற்கிறது.
ஹெட்லைட் பளீரென்று எரிகிறது,
வைப்பர் காய்ந்த கண்ணாடியைத் துடைக்கிறது,
ஹாரன் அடித்தால் வாவியில் கொக்கு எழும்புகிறது.
ஸ்டார்ட்டர் மட்டும்
டிக்.

வாங்கிப் பதினாறு நாள்.
மூன்று சீட்டு, ஒரு சோடிக் காப்பு,
நாற்பத்துமூன்று வயதில் எடுத்த லைசன்ஸ்.

சைக்கிளில் இறால் கொண்டுபோனவர் இறங்கித் தள்ளினார்.
செக்கண்டில் போட்டுக் கிளச்சை விட்டதும்
ஒன்றுமே நடவாதது போல உறுமியது.
நிறுத்தி நன்றி சொல்லப் பயம்.
கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே
வெல்லாவெளி வரை போய்விட்டேன்.

களுவாஞ்சிக்குடிப் பேரின்பம்
பற்றரி என்றார்.
முப்பத்தோராயிரம்.
நான்கு நாள் ஒழுங்காய் இருந்தது.
ஐந்தாம் நாள் சந்தைக்கு முன்னால்
மடியில் மீன் பையோடு
டிக்.

திரும்பக் கொண்டுபோனால்
அவர் கைக்கு முதல் திருப்பிலேயே எடுத்தது.
பத்துத் தரம் திருப்பினார், பத்தும் எடுத்தது.
"மிஸ், நீங்க சாவியச் சரியாத் திருப்புறல்ல போல."
டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கிய பிள்ளையின் தாய்போல
நின்றேன், பொய்க்காரியாக.

பக்கத்து வீட்டுச் சாந்தரூபன்
ஸ்டார்ட்டருக்கு வீல் ஸ்பேனரால் ரெண்டு போடச் சொன்னான்.
அலுவலகத்தில் தேசிக்காய் கட்டச் சொன்னார்கள்.
கட்டினேன், ஏன் மறைப்பான்.
மச்சான் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

நான் வங்கிக்காரி.
கடன் தவணை குறிக்கிற கொப்பியின் பின்பக்கத்தில்
எழுதத் தொடங்கினேன்.
செவ்வாய், 6.50, கல்லாறு: எடுத்தது.
செவ்வாய், 12.20, வெல்லாவெளி: டிக்.
புதன், மழை: மூன்று தரமும் எடுத்தது.
வெள்ளி, 1.15: டிக். மாமர நிழலில் இருபது நிமிடம். எடுத்தது.

இரண்டு பக்கம் நிரம்பியதும் பார்த்தால்
விடியலில் ஒரு டிக்கும் இல்லை.
அப்போதுதான் ஞாபகம் வந்தது
காரைதீவுத் தட்சணாமூர்த்தி ஐயா போனில் சொன்னது:
"வெள்ளென வாங்க மிஸ், ஆறு மணிக்கு வாங்க,
வெயில் ஏறினா எனக்கு வேலை இருக்கு."
பிளேன்ரீ தந்தார்.
போனட்டில் பனி.
பழைய வண்டியை எஞ்சின் ஆறியிருக்கப் பார் என்று
எல்லாரும் புத்தி சொல்லியிருந்தார்கள்.
தொட்டுப் பார்த்து, குளிருது, நல்ல வண்டி என்று
சந்தோசப்பட்டவளும் நான்தான்.

மருதமுனை ஜெசூக் கொப்பியைக் கேட்டு வாங்கினான்.
இரண்டு தரம் வாசித்தான்.
வண்டியை நடு வெயிலில் ஓட விட்டு
லுஹர் தொழுதுவிட்டு வந்து, நிறுத்தி, திருப்பினான்.
டிக்.
எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.
கடைசியில் ஒரு சாட்சி!

ஜம்பர் வயரின் ஒரு வாயைப் பற்றரியின் மைனஸிலும்
மறு வாயை எஞ்சின் இரும்பிலும் கடிக்க விட்டு
"இப்பப் போடுங்க மிஸ்."
எடுத்தது.
"எர்த்து இல்ல. எஞ்சினுக்கும் பொடிக்கும்
தொடுப்பு விட்டுப் போச்சு. சூடாகினா இன்னும் விட்டுரும்."
கியர்பொக்ஸின் அடியில்
இரு விரல் அகலப் பின்னல் வயர்;
கடல்காத்து அதில் பச்சையாய்ப் பூத்திருந்தது.
வயர் அறுநூற்றைம்பது. கூலி ஐந்நூறு.
கரட்டுத்தாள் கணக்கில் இல்லை.

ஐயாவுக்குக் கோல் எடுத்தேன், ஏசுவதற்குத்தான்.
"எனக்கு ஒரு நாளும் அப்பிடி வரல்லயே மிஸ்."
பிறகு நெடுநேரம் ஃபேன் சத்தம் மட்டும்.
"இப்ப எடுக்குதா?"
"எடுக்குது."
"நல்லது" என்றார்.
ஏசாமலே வைத்துவிட்டேன்.

ஒரு மாதமாய் டிக் இல்லை.
ஆனாலும் சரிவு பார்த்துத்தான் நிறுத்துகிறேன்.
கொப்பி பக்கத்து சீட்டில்தான் கிடக்கிறது.
பகலில் சாவியைத் திருப்பும் அந்த அரைச் செக்கனில்
என் உடம்பு முழுக்கக் காது.

இன்று பாலத்தடியில்
ஒரு பெண், ஆட்டோவைத் தனியே தள்ளிக்கொண்டு.
நிறுத்தினேன்.
சாவியையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
மணி பன்னிரண்டே முக்கால்.
தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது.